பெரியதும் குட்டியும் ஒரே தொட்டியிலா? லெபர்ட் கெக்கோவுக்கு மூன்று வழிகள்

வீட்டுச் சுவரில் டியூப்லைட் பக்கம் பெரிய பல்லி ஒன்று சின்னப் பல்லியைத் துரத்துவதைப் பார்த்திருப்பீர்கள். சின்னது சரசரவென்று உத்தரத்துக்கு ஏறித் தப்பித்துவிடும். லெபர்ட் கெக்கோவும் பல்லி இனம்தான், ஆனால் அதன் விரல்களில் ஒட்டும் பட்டைகள் கிடையாது; கண்ணாடியில் ஏற முடியாது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா என்று வறண்ட பாறை நிலங்களில் தரையோடு தரையாக வாழ்கிற பிராணி. அங்கே ஒன்று துரத்தினால் இன்னொன்று ஓடிப் போக இடமிருக்கிறது. 75 சென்டிமீட்டர் நீளத் தொட்டிக்குள் எங்கே போகும்? வயதும் உருவமும் வேறுபட்ட கெக்கோக்களைச் சேர்த்து வளர்க்கலாமா என்ற கேள்வியை நான் இங்கிருந்துதான் பார்க்கிறேன்.

முட்டையிலிருந்து வெளிவந்த குட்டியின் எடை ஏறக்குறைய 3 கிராம். நன்கு வளர்ந்தது 50 முதல் 80 கிராம் வரை இருக்கும். வாய்க்குள் அடங்குகிற எதுவும் அதற்கு இரைதான், தன் இனத்துக் குட்டி உட்பட.

முதல் வழி, எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் விடுவது. தொட்டிக்கு அடியில் சூடு தர ஒரு ஹீட் மேட், அந்தச் சூட்டைக் கட்டுக்குள் வைக்க ஒரு தெர்மோஸ்டாட், ஒரு தடவை சுத்தம் செய்தால் போதும். செலவு குறைவு என்பது உண்மை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். என்னிடம் 58 கிராம் பெண் ஒன்று இருந்தது. புதிதாக வந்த 19 கிராம் குட்டியை அதோடு விட்டேன். பழகிவிடும் என்று விற்றவர் சொன்னார். மூன்றாம் நாளே இரண்டும் ஒரே பொந்தில், ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. எவ்வளவு பாசம் என்று போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன்.

அது பாசம் இல்லை. தொட்டியில் சூடான இடம் ஒன்றுதான் இருந்தது. குட்டிக்கு அங்கே போவதைத் தவிர வேறு வழியில்லை. சமையலறைத் தராசில் வாரா வாரம் எடை பார்த்தேன்: 19, 17, 15. வாலின் அடிப்பகுதி ஒடுங்கிக்கொண்டே வந்தது. இந்தப் பிராணி கொழுப்பைச் சேமிப்பதே வாலில்தான், அதனால் வால் மெலிகிறது என்றால் கையிருப்பு தீர்கிறது என்று அர்த்தம். சண்டை எதையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. சில்வண்டு போட்டவுடன் பெரியது முன்னால் வரும், குட்டி பொந்திலேயே இருந்துவிடும், அவ்வளவுதான். ஒரு நாள் காலையில் பார்த்தால் வால் தனியாகக் கிடந்தது. அறுந்த வால் திரும்ப முளைக்கும், ஆனால் பழைய வடிவத்தில் வராது. கிழங்கு மாதிரி உருண்டையாக வரும். அந்தக் குட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காலைதான் ஞாபகம் வருகிறது.

இரண்டாவது வழி, நடுவில் தடுப்பு வைப்பது. கேட்க நன்றாக இருக்கும், செய்யும்போதுதான் சிக்கல் தெரியும். கெக்கோவுக்கு ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி சூடும், மறுபக்கம் 25 டிகிரி அளவில் குளிர்ச்சியும் வேண்டும். தேவைக்கேற்ப இங்கும் அங்கும் நகர்ந்துதான் அது உடம்பைச் சமன் செய்துகொள்கிறது. தொட்டியைக் குறுக்கே பிரித்தால் ஒன்றுக்கு வெறும் சூடு, இன்னொன்றுக்கு வெறும் குளிர். குளிரில் இருப்பதற்குத் தின்ற இரை செரிக்காது. நீளவாக்கில் பிரித்தால் திரும்பக்கூட இடமில்லாத இரண்டு சந்துகள்தான் மிஞ்சும். தடுப்பு கண்ணாடியாக இருந்தால் இன்னும் மோசம், பெரியது நாள் முழுக்கக் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். 120 சென்டிமீட்டர் நீளத் தொட்டி, ஒளி புகாத தடுப்பு, இரண்டு ஹீட் மேட், இரண்டு தெர்மோஸ்டாட் என்று போனால் நடக்கும். சரி, அந்தப் பணத்தில் இரண்டாவது வீடே வாங்கிவிடலாமே.

அதுதான் மூன்றாவது வழி, ஆளுக்கொரு வீடு. குட்டிக்குப் பெரிய கண்ணாடித் தொட்டி அவசியமில்லை. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் பக்கவாட்டில் காற்றுத் துளைகள், அடியில் மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்கு ஹீட் மேட், சூட்டில் ஒரு பொந்து, குளிரில் ஒரு பொந்து, தோல் உரிக்க ஈரத் துணி போட்ட பொந்து ஒன்று, தண்ணீர், கால்சியம் தூள். தரையில் பேப்பர் டவல் போதும். இதில் எனக்குப் பெரிதாகப் படுவது, யார் என்ன தின்றார்கள், யாருடைய கழிவு இளகியிருக்கிறது என்று தெளிவாகத் தெரிவதுதான். கூட்டாக இருக்கும்போது இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. கிரிப்டோ என்கிற குடல் ஒட்டுண்ணி ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குக் கழிவு வழியாகத்தான் பரவுகிறது. அதனால் புதிதாக வருவதை எப்படியும் மூன்று மாதமாவது தனியே வைக்கத்தான் வேண்டும்; பெட்டி அப்போதே தேவைப்படும்.

குட்டி வளர்ந்து சம அளவுக்கு வந்ததும் சேர்க்கலாமா என்று அடுத்துக் கேட்பார்கள். இரண்டும் ஆண் என்றால் பேச்சே வேண்டாம், கடித்துக் குதறிவிடும். ஆணும் பெண்ணும் என்றால், சூல் தாங்கும் உடம்பு வருவதற்கு முன்பே இளம் பெண் முட்டைக்குத் தயாராகிவிடும், எலும்பிலிருக்கிற கால்சியமெல்லாம் முட்டை ஓட்டுக்குப் போய்விடும். ஒரே எடையுள்ள இரண்டு பெண்கள் மட்டும் சில வீடுகளில் வருடக்கணக்கில் ஒத்துப்போகின்றன. அங்கேயும் பொந்து, தண்ணீர், சூடு எல்லாம் இரண்டிரண்டாக இருக்க வேண்டும், வாராவாரம் தராசு வேண்டும், பிரிக்க ஒரு பெட்டி காலியாகவும் இருக்க வேண்டும்.

என் குட்டிக்கு இப்போது 62 கிராம். ஆறு மாதம் தாண்டிய பிறகுதான் பின்னங்கால்களுக்கு நடுவே தலைகீழ் 'வி' வடிவத்தில் துளைகள் தெரிந்தன. ஆண். அலமாரியில் மேல் தட்டு அதற்கு, கீழ்த் தட்டு பெரியவளுக்கு.