கானோவில் வாங்கிய கோகே

மேற்கு ஆப்பிரிக்காவில் வில்லால் இழைத்து வாசிக்கும் தந்தி வாத்தியமான கோகேயை வாங்க நினைப்பவர்கள், சுவரில் மாட்டுவதற்கென்று விற்பதைத் தொடவேண்டாம். நைஜீரியாவின் கானோ நகரில் குர்மி சந்தைக்குப் பக்கத்துச் சந்தில், ஆவிகளை ஆள்மேல் வரவழைக்கும் போரிச் சடங்குகளுக்கு வாசிக்கிற ஒரு பெரியவர் தன் கையாலேயே செய்து விற்கிறார். என்னுடையது அவரிடம் வாங்கியதுதான்.

பாதிச் சுரைக்குடுக்கை, அதன் வாயில் இழுத்து ஒட்டிய உடும்புத் தோல், தோலில் வட்டமாக ஒரு துளை, குதிரை வால்முடியில் ஒற்றைத் தந்தி. வில்லுக்கும் குதிரைமுடிதான். கஞ்சிரா வாசிப்பவன் என்பதால் முதலில் தோலைத்தான் தட்டிப் பார்த்தேன். ஒரு சுருக்கம் இல்லை, செதில் வரிசை கொஞ்சமும் கோணவில்லை. ஹார்மட்டான் என்ற வறண்ட பாலைக்காற்றடிக்கும் மாதங்களில் கணீரென்று பேசுகிறது. மழைக்காலத்தில் குரல் கம்மும். சற்று நேரம் வெயில் காட்டினால் சரியாகிவிடும்.

போரியில் ஒவ்வோர் ஆவிக்கும் தனி மெட்டு உண்டு. கோகேக்காரர் அதை விடாமல் இழைக்க, கவிழ்த்த சுரைக்குடுக்கையில் தாளம் விழ, ஆவி ஆள்மேல் ஏறும். வந்தது யார் என்று உடம்பே சொல்லிவிடும். முதிய மார்க்க அறிஞர் ஆவியான மாலம் அல்ஹாஜி என்றால் இளம்பெண்கூடக் கூன் போட்டு, இருமிக்கொண்டே மணிமாலை உருட்டுவாள். குரே என்றால் கழுதைப்புலியின் உறுமல். நோயாளியை ஆவியோடு இணக்கமாக்கும் கிர்கா சடங்கு பல நாள் நடக்கும். அத்தனை வாசிப்பையும் தாங்குகிற உறுதி இந்த வாத்தியத்தில் இருக்கிறது.

வாசித்துக் காட்டச் சொன்னேன். மாலம் அல்ஹாஜியின் மெட்டை எடுத்தவர், வாசலில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவின் தோள் உதறுவதைப் பார்த்ததும் சட்டென்று வில்லை எடுத்துவிட்டார். "அவர் போரிக்காரர். இங்கே வேண்டாம்" என்றார். அந்தப் பொறுப்பு எனக்கு மிகவும் பிடித்துப்போனது. 2000-இல் கானோவில் ஷரியா சட்டம் வந்தபிறகு போரிக்கு நெருக்கடி கூடியிருக்கிறது. அதன் வாத்தியம் என்பதாலேயே கோகேயை முகம் சுளித்துப் பார்ப்பவர்களும் உண்டு. இப்படிச் செய்து தருபவரிடம் பேரத்தை ரொம்ப இழுக்காதீர்கள்.

குறை வில்லில்தான். முடிக்கட்டு சீக்கிரமே தளர்ந்துவிட்டது. எடுத்துப்போனதும் காசு வாங்காமல் புதுமுடி கட்டிக் கொடுத்தார்.

அப்புறம், உடும்பு, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டீஸின் பட்டியலில் உள்ள உயிரினம். வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் ஏற்றுமதி அனுமதியை முதலில் வாங்கிவிடுங்கள். அதற்குப் பிறகு விமானச் சீட்டு எடுக்கலாம்.