புதியது என்று விற்கப்பட்ட பழைய துப்பாக்கிப் பெட்டி: குறிசுடும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் மகள் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் போட்டியிடுகிறாள். அவளுடைய துப்பாக்கிக்காக 380 வெள்ளி கொடுத்து நாங்கள் வாங்கிய கடினப் பெட்டி, பல ஆண்டுகள் எங்கோ கிடந்த பழைய இருப்பு என்பதும், அதன் மேல் ஒட்டப்பட்டிருந்த ‘நீர்புகாதது’, ‘விமானப் பயணத்திற்கு ஏற்றது’, ‘நீண்டகாலச் சேமிப்புக்கு உகந்தது’ ஆகிய மூன்று வாசகங்களில் ஒன்றுகூட உண்மையில்லை என்பதும் பின்னர்தான் தெரிந்தன. கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அதே பெட்டி வேறு கடைகளிலும் இணையத்திலும் வேறுவேறு ஒட்டுச்சீட்டுகளோடு கிடைப்பதால், கடையைவிடப் பெட்டியை அடையாளம் காட்டுவதே பயனுள்ளது.

இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் காற்றுத் துப்பாக்கியும் உரிமம் வேண்டிய ஆயுதமே. அதை டென்னிஸ் மட்டையைப் போலத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட முடியாது. எங்கள் கழகத்தில் துப்பாக்கிகள் அனைத்தும் ஆயுதக் கிடங்கிலேயே இருக்கின்றன. பயிற்சி நேரத்தில் கையெழுத்திட்டு எடுத்து, முடிந்ததும் திரும்ப வைக்க வேண்டும். கிடங்குக்கும் சுடுதளத்துக்கும் இடையிலான சில அடி தூரத்துக்குத் துணியாலான உறைப்பையே போதுமானது. கடினப் பெட்டி தேவைப்படுவது வெளிநாட்டுப் போட்டிகளுக்குத்தான். எங்கள் மகளின் அணி பேங்காக் செல்லவிருந்ததால்தான் அந்தக் கடைக்குப் போனோம். ‘இனி உறைப்பையே வேண்டாம் அண்ணே, கிடங்கிலும் இதிலேயே வைக்கலாம், துரு பக்கத்திலேயே வராது’ என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, மகள் தேர்வு விடுமுறைக்கு முன் துப்பாக்கியை அந்தப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு வந்தாள்.

விடுமுறை முடிந்து பெட்டியைத் திறந்தபோது முதலில் வந்தது நாற்றம்: புளித்த பசையும் பழைய செருப்பும் கலந்ததுபோல் ஒரு வாடை. கன்னம் பதியும் கட்டையின் ஓரத்தில் மஞ்சள் நிறத் துகள்கள் ஒட்டியிருந்தன; விரலால் துடைத்தால் அவை உதிராமல் இழுபட்டன. துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்தால், எஃகுக் குழலின் அடிப்பக்கத்தில், நுரைப்பஞ்சின் மேடுகள் தொட்டுக்கொண்டிருந்த இடங்களில் மட்டும், ஒரே சீரான இடைவெளியில் துருப்புள்ளிகள் வரிசையாக இருந்தன. பள்ளங்களுக்கு மேலே இருந்த பகுதி பளபளப்பாகவே இருந்தது. பஞ்சு எங்கே தொட்டதோ அங்கே மட்டும் துரு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

காரணம் எளியது. மலிவான பெட்டிகளில் வைக்கப்படும் பாலியூரித்தேன் பஞ்சு, திறந்த நுண்துளைகள் கொண்டது; காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்ளும். அதில் ஒரு வகை, ஆண்டுக்கணக்கில் ஈரக்காற்றில் இருந்தால், நீரோடு வேதிவினை புரிந்து தானாகவே சிதைந்து பிசுபிசுப்பாகிவிடும். அலமாரியில் போடாமலே வைத்திருந்த காலணியின் அடிப்பாகம் ஒருநாள் பொடிப்பொடியாக உதிர்வதைச் சிங்கப்பூரில் பார்க்காத வீடு இருக்காது. அதுவும் பெரும்பாலும் இதே வேதிவினைதான். இங்கே காற்றின் ஈரப்பதம் விடியலுக்கு முன் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது. மழையில்லாத நாளின் பிற்பகலில்கூட 60 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. ஈரம் ஊறிய பஞ்சோடு துப்பாக்கியைக் கடினப் பெட்டிக்குள் அடைத்தால், அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் இரும்பின் மீதே தங்கிவிடுகிறது. சாதாரண உறைப்பை அடியிலிருந்து காக்காது. ஆனால் அதன் வாயைத் திறந்து வைத்தால் காற்றாவது உள்ளே போய்வரும். மோசமான கடினப் பெட்டி சேமிப்புக்கு உறைப்பையைவிடக் கெடுதல் என்பது என் உறுதியான கருத்து.

புதுப் பெட்டியின் பஞ்சு சில வாரங்களில் இப்படி ஆகாதே என்று பயிற்றுநருக்குச் சந்தேகம் வந்தது. பஞ்சை முழுவதுமாகப் பிய்த்தெடுத்துவிட்டு, மூடியின் உட்புறத்தைக் கைவிளக்கால் பார்த்தார். அச்சில் வார்க்கப்படும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றில், கடிகார முகம் போன்ற சிறிய வட்டம் ஒன்று பதிந்திருக்கும். சுற்றிலும் 1 முதல் 12 வரை மாதங்கள், நடுவில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள், வார்த்த மாதத்தைக் காட்டும் ஓர் அம்புக்குறி. எங்கள் பெட்டியில் அந்த வட்டத்தின் நடுவில் 14 என்று இருந்தது. அதாவது, பெட்டி 2014-இல் வார்க்கப்பட்டது. ‘இந்த மாதம்தான் கொள்கலனில் வந்து இறங்கியது’ என்று எங்களிடம் விற்கப்பட்டது.

கடைக்காரரிடம் பெட்டியை எடுத்துச் சென்று காட்டியபோது, அந்த வட்டத்தை அவர் பார்க்கவே மறுத்தார். ‘பஞ்செல்லாம் தேய்மானப் பொருள் அண்ணே, அதுக்கு வாரண்டி கிடையாது’ என்றார். நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு பஞ்சை மட்டும் மாற்றிக் கொடுத்தார். பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். பயணத் தேதி நெருங்கிவிட்டதால் அப்போதைக்கு அதைப் பெற்றுக்கொண்டு வந்தோம்.

இரண்டாவது குறை சாங்கி விமான நிலையத்தில் வெளிப்பட்டது. ஆயுதம் உள்ள பெட்டியைப் பூட்டிக் கொடுக்க வேண்டும் என்பதோடு, பூட்டிய பிறகு அதை எந்த இடத்திலும் நெம்பித் திறக்க முடியாதிருக்க வேண்டும் என்பதும் முக்கியம். விமான நிறுவன ஊழியர் இரு முனைகளிலும் பூட்டு தொங்கிய எங்கள் பெட்டியின் நடுவிளிம்பைப் பிடித்துச் சற்றே தூக்கினார். மூடி வளைந்து, அவருடைய நான்கு விரல்களும் உள்ளே போகும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. நல்ல பெட்டியில் பூட்டுத் துளைகளைச் சுற்றி எஃகுத் தகடு பதித்திருப்பார்கள். இதில் வெறும் பிளாஸ்டிக், அதிலும் ஒரு துளை ஏற்கெனவே கீறியிருந்தது. பெட்டியை ஏற்க முடியாது என்று அவர் சொன்னதில் எந்தத் தவறும் இல்லை. அணியில் இன்னொரு மாணவியின் பெட்டி இரண்டு துப்பாக்கிகள் வைக்கும் அளவுடையது என்பதாலும், எங்களிடம் இருந்த அனுமதிக் கடிதத்தில் துப்பாக்கியின் வரிசை எண் மட்டுமே குறிக்கப்பட்டிருந்ததாலும், மகளால் போட்டிக்குப் போக முடிந்தது.

குண்டைத் தள்ளும் அழுத்தக் காற்றை அடைத்து வைத்திருக்கும் சிலிண்டரைப் பற்றியும் கடையில் தவறாகவே சொல்லியிருந்தார்கள். 200 பார் அழுத்தம் வரை நிரப்பப்படும் அந்தச் சிலிண்டரைத் துப்பாக்கியில் மாட்டியபடியே வைக்கலாம் என்றுதான் பஞ்சை வெட்டிக் கொடுத்தார்கள். எங்கள் விமான நிறுவனமோ, சிலிண்டரைக் கழற்றி, காற்றை முழுவதும் வெளியேற்றிக் காட்ட வேண்டும் என்று எழுத்து மூலமாகவே நிபந்தனை விதித்திருந்தது. இதை ஒவ்வொரு முறையும் விமான நிறுவனத்திடமே கேட்க வேண்டும், கடைக்காரரிடம் கேட்கக்கூடாது.

திரும்பி வந்ததும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில் விளக்கம் கேட்டேன். பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வணிக) சட்டத்தில் 2012 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள பிரிவுகளின்படி, வாங்கிய ஆறு மாதங்களுக்குள் தெரியவரும் குறைபாடு, விற்கும்போதே இருந்ததாகப் பொதுவாகக் கருதப்படும். அப்படி இல்லை என்று நிறுவ வேண்டியவர் விற்றவர்தான். ரசீதில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சிட்டிருப்பதால் இந்த உரிமை போய்விடாது. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை இரண்டு ஆண்டுகளுக்குள் இணையம் வழியாகவே பதிவு செய்யலாம். என்னைப் போன்ற தனிநபருக்கு, 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கை என்றால் கட்டணம் 10 வெள்ளி. இரு தரப்பும் வழக்கறிஞர் வைக்க முடியாது. துருப்புள்ளிகளின் படம், அந்த ஆண்டு வட்டத்தின் படம், கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், துப்பாக்கியைச் சரிசெய்த ரசீது ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தேன். விசாரணைக்குப் போகாமல் கலந்தாலோசனைக் கட்டத்திலேயே உடன்பாடு ஏற்பட்டது. பெட்டிக்கான பணம் முழுவதும் கிடைத்தது. பழுதுபார்த்த செலவில் பாதி கிடைத்தது. மீதிப் பாதியை விட்டுக்கொடுத்ததில் என் மனைவிக்கு இன்னும் உடன்பாடில்லை.

இனிப் பெட்டி வாங்குவோர் கடையிலேயே செய்து பார்க்கக்கூடியவற்றைச் சொல்கிறேன். கைப்பேசியின் விளக்கை எரியவிட்டு உள்ளே வைத்து மூடுங்கள். விளிம்பில் ஒளி கசிந்தால் அந்த வழியாக நீரும் கசியும். எங்கள் பெட்டியில் ரப்பர் வளையத்தின் இரு முனைகளும் ஒரு மூலையில் சந்திக்கவே இல்லை. ‘ஐபி67’ என்று எழுதியிருந்தால், ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் இருந்தாலும் கேடு விளைவிக்கும் அளவுக்கு நீர் புகாது என்று பொருள். அதற்கான சோதனைச் சான்றைக் கேளுங்கள். பெட்டிக்கு உள்ளும் வெளியும் காற்றழுத்தத்தைச் சமப்படுத்த, கைப்பிடியருகே உள்ள வால்வைத் திருகிப் பாருங்கள். எங்களுடையது பசையால் ஒட்டிய வெறும் குமிழ். பூட்டுகளைக் கையோடு எடுத்துச் சென்று, மாட்டிவிட்டு நடுவிளிம்பைத் தூக்கிப் பாருங்கள். பஞ்சு, ஈரம் உறிஞ்சாத மூடிய துளைகள் கொண்ட பாலிஎத்திலீன் வகையா என்று கேளுங்கள். ஒரு துண்டைத் தண்ணீரில் அமுக்கிப் பிழிந்தால் விடை தெரிந்துவிடும். எந்தப் பஞ்சாக இருந்தாலும் நீண்ட நாள் சேமிப்புக்குத் துப்பாக்கியைத் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, பெட்டிக்கு வெளியே தாங்கியில் வைப்பதே நல்லது என்பது எங்கள் பயிற்றுநரின் அறிவுரை. மகள் இப்போது அப்படித்தான் செய்கிறாள்.

நான் குறிப்பிடும் பெட்டி கறுப்பு அல்லது பழுப்புப் பச்சை நிறத்தில் வருகிறது. மூடியில் குறுக்காக ஐந்து வரிகள் புடைத்திருக்கும். கீல்களின் ஊசி எஃகுக்குப் பதிலாக வெள்ளைப் பிளாஸ்டிக்கால் ஆனது. அண்மையில் ஒரு பழைய பொருள் விற்பனைத் தளத்தில் அதே ஐந்து வரிகளோடு ஒரு பெட்டியைப் பார்த்தேன். இம்முறை அதை ட்ரோன் பெட்டி என்று போட்டிருந்தார்கள், விலை 290 வெள்ளி.