கார்போக உருளைக்குக் காவல்: துத்தமா, மான்கோசெப்பா, ரகமா?

நீலகிரியில் கார்போகத்துக்கு, அதாவது ஏப்ரலில் ஊன்றிய உருளைக்கிழங்கு, ஜூன் மழை இறங்கும்போது கொடி மூடி நிற்கும். பின்பருவ இலைக்கருகல் என்ற பூசண நோய்க்கு அதுதான் தோது: 10 முதல் 20 டிகிரி குளிர், விடிந்தும் காயாத இலை. காலையில் இலையைத் திருப்பிப் பாருங்கள். கரும்புள்ளியின் ஓரத்தில் வெண்பூசணம் இருந்தால் இதுவே. வளையம் வளையமாகக் காய்ந்திருந்தால் அது முன்பருவக் கருகல், அவ்வளவு அவசரமில்லை.

மழையில் ஒட்டி நிற்பதில், துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை, மான்கோசெப் என்ற கடைப் பூசணக்கொல்லியை முந்தும். 10 லிட்டருக்கு மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம். இரண்டையும் தனித்தனி பிளாஸ்டிக் வாளியில் ஐந்தைந்து லிட்டரில் கரைத்து, துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் நனைத்தால் செம்பு படிகிறதா? சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே அடித்தால் இலை கருகும். அன்றே தீர்த்துவிட வேண்டும். குளிரில் ஈரம் காயாமல் நின்றாலும் இளந்தளிர் சுடும். இதற்குப் பரிகாரம் கிடையாது.

மான்கோசெப்பில் இந்தப் பாடு இல்லை: 10 லிட்டருக்கு 25 கிராம், கரைத்தால் முடிந்தது. ஆனால் கனமழை கழுவிவிடும், 7 முதல் 10 நாளுக்கொரு முறை அடிக்க வேண்டும். இரண்டுமே இலைமேல் போர்வைதான். தெளித்தபின் விரிந்த இலைக்குப் போர்வை இல்லை, உள்ளே புகுந்த நோயையும் தொடாது.

முதல் புள்ளி கண்டதும் இலைக்குள் ஊடுருவும் மருந்துக்கு மாறுங்கள். மெட்டலாக்ஸில் கலவையைத்தான் பலரும் கேட்டு வாங்குகிறார்கள். இதே நோய் தக்காளிக்கும் வரும்; தென்னிந்தியத் தக்காளியில் பரவிய 13_ஏ2 என்ற பூசண வகை மெட்டலாக்ஸிலுக்கு அசையாது. அதைவிட, சைமாக்சனில் என்ற மருந்து 8 சதமும் மான்கோசெப் 64 சதமும் சேர்ந்த கலவை நல்லது: 10 லிட்டருக்கு 30 கிராம். அதுவும் தொற்றி ஓரிரு நாளுக்குள் மட்டுமே. பூசணம் பூத்த இலை திரும்பாது.

மூன்றிலும் நான் முதலில் வைப்பது ரகத்தை. 1968இல் வந்த குஃப்ரி ஜோதி உருளை ரகம் அன்று கருகலைத் தாங்கியது, இன்று தாங்குவதில்லை. குஃப்ரி கிர்தாரி, குஃப்ரி சஹ்யாத்ரி கிடைத்தால் தெளிப்பே குறையும். தக்காளியில் ஏமாறுவது இங்கேதான்: அர்கா ரக்ஷக் தாங்குவது முன்பருவக் கருகலை. பின்பருவத்துக்கும் சேர்த்து வந்தது அர்கா அபேத். விதை உறையில் 'கருகல்' என்று மட்டும் இருந்தால் எந்தக் கருகல் என்று கேட்டு வாங்குங்கள்.

முக்கால்வாசி கொடி போய்விட்டதா? மருந்துக்குச் செலவழிக்காமல் கொடியை அறுத்து அப்புறப்படுத்தி, 15 நாள் விட்டுத் தோண்டுங்கள். தோல் முற்றும், பூசண வித்துகள் கிழங்கில் ஒட்டுவதும் குறையும். தக்காளிக்கு இந்த வழி இல்லை. பக்கம் திறந்த பாலித்தீன் கூரையும் வேரடிப் பாசனமும்தான் துணை. தோண்டும்போது கோலிக்குண்டு அளவுக் கிழங்கையும் பொறுக்கிவிடுங்கள். விட்டால் அடுத்த போகத்துக் கருகல் அந்த முளையிலிருந்தே கிளம்பலாம்.