டிஸ்பிளேயில் ஒரு ட்ரைபாட், டப்பாவில் இன்னொன்று

போன மாதம் திருச்சியில் ஒரு கடையில் 6,800 ரூபாய் கொடுத்து கேமரா ஸ்டாண்டு வாங்கி ஏமாந்தேன். கடையின் பெயரைப் போட்டு வம்பை விலைக்கு வாங்க விருப்பமில்லை. ஆனால் அங்கே காட்டிய வித்தையை எந்த ஊர்க் கடையிலும் காட்டலாம் என்பதால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

எனக்குக் கும்பகோணம். சுவாமிமலையில் வார்க்கும் வெண்கலச் சிலைகளை விற்பனைக்காகப் படம் எடுத்துக் கொடுப்பது தொழில். மாடியில் இருக்கும் பத்துக்குப் பன்னிரண்டு அறைதான் ஸ்டுடியோ. வெண்கலத்தின் மேல் நேராக ஃபிளாஷ் அடித்தால் கண்ணாடி மாதிரி திருப்பி அடிக்கும். அதனால் வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்கை வைத்து, ஐஎஸ்ஓ 100, எஃப் 11 என்று வைத்து, ஷட்டர் அரை நொடி திறந்திருக்கும்படி எடுப்பேன். நடராஜர் என்றால் முன்னால் நீளும் கையும் தெளிவாக வேண்டும், பின்னால் திருவாசியின் சுடரும் தெளிவாக வேண்டும். ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி இருபது படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்ப்பேன். இருபதும் முடியும்வரை கேமரா மயிரிழை அசைந்தாலும் அத்தனையும் வீண்.

பழைய ஸ்டாண்டின் கால் லாக் தேய்ந்து போனதால் புதிது தேடிப் போனேன். கடை நடுவில் கறுப்பாக ஒன்று நின்றது. நல்ல தடித்த கால்கள்.

"பன்னெண்டு கிலோ தாங்கும்ணே. கார்பன் ஃபைபர். தூக்கிப் பாருங்க, வெயிட்டே இல்ல" என்றான் கடைப் பையன். இரண்டு கையாலும் மேலே அழுத்திக் காட்டினான். அசையவில்லை. கடைசி இரண்டு அடுக்குக் கால்களை அவன் வெளியே இழுக்கவே இல்லை என்பது அப்போது என் கண்ணில் படவில்லை.

எடுத்துக்கொள்கிறேன் என்றதும், "இது டிஸ்பிளே பீஸ்ணே, கீறல் விழுந்திருக்கும். சீல் பிரிக்காத புது பீஸ் தர்றேன்" என்று உள்ளே போனான். என்ன அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். "பில் போட்டா ஆயிரத்துச் சொச்சம் ஏறும்ணே" என்றதற்கும் தலையாட்டினேன். கையில் கிடைத்தது 'ஸ்டாண்டு 1' என்று எழுதிய துண்டுச் சீட்டு. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, டப்பாவைப் பிரிக்கவில்லை. இந்த இடத்தில் என் பேராசைக்கும் பங்கு உண்டு, மறைக்க மாட்டேன்.

வீட்டில் பிரித்தேன். அதே பெயர், அதே நிறம், ஆனால் கால் ஒல்லி. வெர்னியர் (குழாயின் விட்டம் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் மேல் குழாய் 22 மி.மீ., அடிக்குழாய் 13. (பிறகு அதே வெர்னியரோடு கடைக்குப் போய் டிஸ்பிளேயை அளந்தேன்: 28.) ஆறு மில்லிமீட்டரில் என்ன போச்சு என்று தோன்றும். குழாயின் தகடு ஒரே தடிமனாக இருந்தால், விறைப்பு விட்டத்தின் முப்படிக்கு ஏற்ப மாறும். 28-க்குப் பதில் 22 என்றாலே விறைப்பு பாதியாகிவிடுகிறது.

அடிக்காலைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தேன். பளபளவென்று வெள்ளி நிறம். அலுமினியத்தின் மேல் கார்பன் நெசவு மாதிரி ஒரு ஸ்டிக்கர். அலுமினியம் மட்டமில்லை, என் பழைய ஸ்டாண்டும் அலுமினியம்தான். ஆனால் நான் காசு கொடுத்தது அதற்கல்ல. டப்பாவில் இறக்குமதி செய்தவர் பெயரோ முகவரியோ இல்லை, எம்ஆர்பியும் இல்லை.

சரி, வாங்கியாகிவிட்டது, ஓட்டிப் பார்ப்போம் என்று இருந்ததுதான் அடுத்த தப்பு. முதல் நாளே பால் ஹெட், அதாவது கேமராவை மாட்டும் உருண்டை மூட்டு, தலையைத் தொங்கப்போட ஆரம்பித்தது. எவ்வளவு முறுக்கினாலும் இருபதாவது படத்தில் நடராஜர் இரண்டு மில்லிமீட்டர் மேலே ஏறியிருப்பார். நான்காம் நாள் ஒரு காலின் லாக் வழுக்கியது. கேமரா சாய்ந்து, ஸ்தபதி நம்பிக் கொடுத்திருந்த சிலையைத் தாண்டி மேசை விளிம்பில் இடித்தது. சிலைக்கு ஒன்றும் ஆகவில்லை. லென்ஸின் ஃபில்டர் நொறுங்கியது, ஃபோகஸ் வளையம் இறுகிவிட்டது.

கேமரா கேனான் 6டி மார்க் 2, 765 கிராம். 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் 625 கிராம். இரண்டும் சேர்ந்து ஒன்றரைக் கிலோகூட இல்லை. பன்னிரண்டு கிலோ எங்கே போனது என்று கடை முதலாளியிடம் கேட்டேன்.

"சார், அது ஸ்டாண்டு உடையாம நிக்கிற வெயிட்டு. நீங்க லாக் சரியா போட்டிருக்க மாட்டீங்க."

முதல் வாக்கியத்தில் உண்மை இருப்பதுதான் எரிச்சல். இந்தக் கிலோ கணக்குக்கு எல்லாரும் ஒத்துக்கொண்ட சோதனை முறை கிடையாது, கம்பெனிகள் தாங்களே போட்டுக்கொள்வது. உடையாமல் நிற்பது வேறு, அசையாமல் நிற்பது வேறு.

பில்லே இல்லாதபோது எப்படித் திருப்புவது என்றார். பில் தராததும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம், கெடு எதுவும் எழுதித் தராவிட்டால் 30 நாள் கணக்கு என்றேன். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிக்கப் போகிறேன் என்றதும் குரல் இறங்கியது. பேரம் பேசி 4,500 ரூபாய் வந்தது. சீட்டில் மாடல் பெயர்கூட இல்லாததால் அதற்கு மேல் இழுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. லென்ஸ் செலவு என் தலையில்.

வாங்கப் போகிறவர்கள் உங்கள் கேமராவையும் லென்ஸையும் எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டுக்குக் கொண்டுவரப் போகும் அதே பீஸைப் பிரிக்கச் சொல்லி, கால்களை முழுசாக இழுத்து, நடுத்தண்டை மட்டும் ஏற்றாமல் கேமராவை மாட்டுங்கள். கேமராத் திரையில் தெரியும் நேரடிக் காட்சியை (லைவ் வியூ) பத்து மடங்கு பெரிதாக்கி, ஸ்டாண்டின் தலையில் விரலால் ஒரு தட்டு. திரையில் ஆட்டம் சட்டென்று அடங்க வேண்டும். மேல் தட்டைப் பிடித்து இடமும் வலமும் முறுக்குங்கள், கால் மூட்டு தளர்ந்திருந்தால் கையிலேயே தெரியும். பிறகு லென்ஸைக் கீழே சாய்த்து தரையில் ஒரு புள்ளியைக் குறிவைத்து ஹெட்டை லாக் செய்துவிட்டு, ஐந்து நிமிடம் கடைக்காரரிடம் ஊர்க்கதை பேசுங்கள். திரும்பிப் பார்க்கும்போது புள்ளி அங்கேயே இருக்கிறதா?

அப்புறம், 'வெயிட்டே இல்லை' என்ற பேச்சில் மயங்காதீர்கள். மலையேறுகிறவருக்கு அது சரி. ஒரே அறையில் நிற்கப்போகிற ஸ்டாண்டுக்கு எடை எதற்குக் குறைய வேண்டும்? அடுக்கு குறைவாக, மூன்றோடு நிற்கிற கால் போதும், அடிக்குழாய் ஒல்லியாகாது.

நான் இப்போது மூடிப்போன ஒரு பழைய ஸ்டுடியோவிலிருந்து சக்கரம் வைத்த தேக்கு ஸ்டாண்டை 3,000 ரூபாய்க்கு எடுத்திருக்கிறேன். மாடி ஏற்ற இரண்டு ஆள் தேவைப்பட்டது. அதன் திருகு 3/8 அங்குலம், கேமராவுக்கு 1/4 வேண்டும், நடுவில் ஒரு சின்ன பித்தளை அடாப்டர் போட்டதோடு வேலை முடிந்தது.

போன வாரம் நண்பர் ஒருவர் அந்தத் திருச்சிக் கடைப் பக்கம் போயிருக்கிறார். அந்த 28 மி.மீ. டிஸ்பிளே பீஸ் இன்னும் நடுக்கடையில்தான் நிற்கிறதாம்.