பிண்டும் சக்கும்

பஞ்சாபி விவசாயக் கிராமம் என்றதும் மனதில் வருவது பழைய ‘பிண்டு’. மேட்டின் மேல் ஒட்டி ஒட்டி வீடுகள், வளைந்து போகும் சந்துகள், எருமைகள் ஊறிக் கிடக்கும் குளம், பெரியவர்கள் கூடிப் பேச ஒரு மரத்தடி. நிலம் மட்டும் தலைமுறைதோறும் பங்கு பிரிந்து துண்டு துண்டாய்ச் சிதறியிருக்கும். தண்ணீருக்கு அன்று கிணறும், மாடு சுற்றி நீர் இறைக்கும் பாரசீகச் சக்கரமும்.

‘சக்’ வேறு ரகம். 1892-இல் கீழ் செனாப் கால்வாய் வந்தபின், லயல்பூர் பக்கம் (இன்று பாகிஸ்தானின் பைசலாபாத்) வரைபடத்தில் கோடு போட்டுப் பிறந்த ஊர். பெயருக்குப் பதில் எண். நேர் தெரு, சதுர வயல். கால்வாய்த் தண்ணீர் ‘வாரபந்தி’ முறையில், ஆளுக்கு இத்தனை நேரம் என்று கிடைக்கும். உங்கள் முறை நள்ளிரவில் வந்தால், குளிரோ பனியோ, மண்வெட்டியோடு கிளம்ப வேண்டியதுதான்.

விளைச்சலுக்குச் சக்தான், சந்தேகமில்லை. ஆனால் ஆங்கிலேய சர்க்காரின் கெடுபிடியும் அங்கேதான் அதிகம் இருந்தது. 1907-இல் சக் நிலங்களுக்கான குடியேற்றச் சட்டத்தை எதிர்த்து விவசாயிகள் லயல்பூரில் திரண்டது சும்மா இல்லை. குடியிருக்க என்றால் நான் பிண்டையே கேட்பேன். 1947-இல் சக்குகளை விட்டுக் கிளம்பிய சீக்கியக் குடும்பங்கள் பலவும் கிழக்கே போய் இப்படிப்பட்ட பழைய பிண்டுகளில்தான் அடுப்பு மூட்டின.