மலை மண்ணில் மக்காச்சோளம்: டோலமைட்டா, சுண்ணாம்புக்கல் தூளா, நீற்றிய சுண்ணாம்பா?

நீலகிரி மேட்டு நிலங்களில் மண் கறுத்து, பொலபொலவென்று, மட்கு நிறைந்து கிடக்கும். அப்படியிருந்தும் மக்காச்சோளம் முழங்கால் உயரத்தில் முடங்கினால் முதலில் புளிப்பைச் சந்தேகிக்கலாம். மழை சுண்ணாம்புச் சத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு போவதால் பல இடங்களில் பிஎச் (புளிப்பைக் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்பு கூடுதல்) 5-ஐ ஒட்டியே நிற்கிறது. பயிர் கேட்பது 5.8 முதல் 7 வரை. 5.5-க்குக் கீழே அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கட்டையாக்கும். போட்ட மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) மண்ணே பிடித்துவைத்துக்கொள்ளும். அடியிலை ஊதாவாகும். (மண் குளிர்ந்திருந்தாலும் இதே ஊதா வரும். வெயில் ஏறியதும் மாறினால் சுண்ணாம்பைத் தொட வேண்டாம்.)

புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பு எவ்வளவு போடுவது? பிஎச் எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மட்கு மிகுந்த மண், அதே பிஎச் உள்ள மணலைவிட மிக அதிகமாகக் கேட்கும். மண் பரிசோதனையில் 'சுண்ணாம்புத் தேவை'யையும் கேட்டு வாங்குங்கள். ஏக்கருக்கு 1,000 கிலோ சுண்ணாம்புக்கல் தூள், அதாவது சென்டுக்கு 10 கிலோ என்று வந்தால், சுத்தமான டோலமைட் (மெக்னீசியமும் கலந்த சுண்ணாம்புக்கல்) தூள் சுமார் 920 கிலோ, நீற்றிய சுண்ணாம்பு (சுட்ட சுண்ணாம்பில் நீர் விட்டது) 740 கிலோ அதற்கு ஈடு.

நீற்றிய சுண்ணாம்பு வேகமானது. விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் இருந்தால் போதும். ஆனால் கையையும் கண்ணையும் அரிக்கும், அளவு மீறினால் பிஎச் தாவி ஏறித் துத்தநாகம் பயிருக்கு எட்டாமல் போகும். குருத்திலையின் அடியில் வெள்ளைப் பட்டை விழும். திறந்த மூட்டையில் காற்றுப்பட்டால் வீரியமும் குறையும். அவசரத்துக்கு மட்டும்.

சுண்ணாம்புக்கல் தூள் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மெக்னீசியம் போதிய அளவு இருக்கும் மண்ணுக்கு அதுவே போதும்.

மற்றபடி இந்த மலைக்கு என் தேர்வு டோலமைட். தேயிலைக்குக் கவாத்து (கிளை வெட்டும்) ஆண்டில் போடுவது என்பதால் கிடைப்பதும் எளிது. அடியிலை நரம்புகளுக்கிடையே மஞ்சள் கோடு ஓடினால் மெக்னீசியக் குறை. அங்கே இது இரட்டை வேலை செய்யும். குறை அதன் மந்தம்தான். விரலில் தேய்த்தால் மைதா மாவு போல இருக்க வேண்டும். நறநறவென்றால் கரைய வருடங்கள் ஆகும். மண்ணில் ஈரமில்லாவிட்டாலும் வேலை செய்யாது. ஆகவே மார்ச், ஏப்ரல் விதைப்புக்கு நவம்பர் கடைசியிலேயே, வடகிழக்கு மழையின் ஈரம் காய்வதற்குள் போடுங்கள். பாதியை உழவுக்கு முன்னும் மீதியைப் பின்னும் தூவி 15 செ.மீ. ஆழம்வரை கலக்கவும், மேலே தூவிவிட்டால் கீழே இறங்காது, சரிவில் அடித்துக்கொண்டும் போகும். யூரியா, டிஏபி, பச்சைச் சாணம் எதையும் கூடவே போட்டால் தழைச்சத்தில் (நைட்ரஜன்) ஒரு பகுதி ஆவியாகிவிடும். வருடா வருடம் டோலமைட்டே போட்டால் சாம்பல் சத்தை (பொட்டாசியம்) வேர் எடுப்பது குறையும். பரிசோதனை இல்லாமல் திரும்பப் போட வேண்டாம்.

உருளைக்கிழங்கு சுழற்சியில் இருந்தால்தான் சிக்கல். பிஎச் 5.5-ஐத் தாண்டினால் கிழங்கில் சொறி நோய் கூடும். அங்கே 6.5-க்கு ஆசைப்படாமல் 5.8-இல் நிறுத்துங்கள். கிழங்கு எடுத்ததும் டோலமைட், அடுத்து மக்காச்சோளம், பிறகு கோஸ் அல்லது பீன்ஸ்; பிஎச் மறுபடி இறங்கியதைப் பார்த்த பிறகே கிழங்கு.