ப்ராக்ஸ்மாக்ஸ்: ராம் தட்டுப்பாடு உள்ளவர்களுக்கு எப்படி?

சர்வரில் இருப்பது 64 ஜிபி ராம். விஎம் (சர்வருக்குள் தனிக் கணினிபோல் ஓடும் வர்ச்சுவல் மெஷின்) கேட்டு வருகிறவர்கள் வாயைத் திறந்தாலே 16 ஜிபிதான். கேட்டதையெல்லாம் கொடுத்தால் நான்காவது ஆள் வருவதற்குள் கடையைச் சாத்த வேண்டியதுதான். இந்த இழுபறிக்கு, விஎம்களை ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருளான ப்ராக்ஸ்மாக்ஸ் எவ்வளவு கைகொடுக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

வியன்னாக்காரர்களின் தயாரிப்பு, டெபியன் லினக்ஸ் மேல், விஎம்களை ஓட்டும் கேவிஎம். காசு கட்டாமலே எல்லா வசதியும் உண்டு. லாகின் செய்யும்போது சப்ஸ்க்ரிப்ஷன் இல்லை என்று ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான்.

முதலில் குறை. எங்களிடம் ஓடும் 8-ம் பதிப்பில், விஎம்மின் மெமரி கிராஃபை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். சும்மா கிடக்கும் ராமை லினக்ஸ் ஃபைல் கேஷுக்கு (படித்த ஃபைல்களை ராமில் வைத்துக்கொள்ள) எடுத்துக்கொள்ளும், தேவைப்பட்டால் விட்டுக்கொடுத்துவிடும். கிராஃப் அதையும் செலவில் சேர்த்து, ராம் தீரப்போவதுபோல் பயமுறுத்தும். உள்ளே போய் ஃப்ரீ கமாண்ட் அடித்துப் பாருங்கள். கடைசியில் 'அவைலபிள்' என்று வரும் எண்ணே பேசட்டும். விண்டோஸ் இன்னும் மோசம். விஎம்மின் ராம் நிலவரத்தை ஹோஸ்ட்டுக்கு (விஎம்கள் ஓடும் சர்வருக்கு) சொல்லும் பலூன் டிரைவரும் அதன் சர்வீஸும் போடாவிட்டால் மொத்த ராமும் தீர்ந்த மாதிரியே தெரியும்.

எங்கள் டேலி விஎம்முக்கு வெண்டர் 16 ஜிபிக்குக் குறையாமல் வேண்டும் என்றார். மாதக் கடைசி, ஜிஎஸ்டி தாக்கல் என்று நெருக்கடியான நேரங்களில் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தேன்: 5 ஜிபியைத் தாண்டவில்லை. மெமரி 8192 எம்பி, மினிமம் 6144 எம்பி என்று போட்டுவிட்டேன். ஸ்லோ என்று அக்கவுண்ட்ஸிலிருந்து இன்றுவரை ஒரு போன் இல்லை. டேட்டாபேஸ் விஎம் வேறு கதை. மைஎஸ்கியூஎல்லில் டேட்டாவை ராமில் வைத்துக்கொள்ளும் இன்னோடிபி பஃபர் பூல் டீஃபால்ட்டாக 128 எம்பிதான். அதைத் தொடாமல் விஎம்முக்கு ராமை ஏற்றிக்கொண்டே போவது, பந்திக்கே வராதவனுக்கு இலை மேல் இலையாகப் போடுவது. பூலை 4 ஜிபியாக்கி விஎம்மை 12-லிருந்து 6-க்கு இறக்கினோம். ரிப்போர்ட் முன்பைவிட வேகமாக வருகிறது.

ஓடும் விஎம்மிடமிருந்தே ராமைத் திரும்ப வாங்கும் பலூனிங் நல்ல வசதி, ஆனால் மாயமில்லை. ஹோஸ்ட்டின் ராம் 80 சதவீதத்தை எட்டினால்தான் அது விஎம்களிடமிருந்து பிடுங்க ஆரம்பிக்கும். அப்போது மினிமம் வரை இறங்கும் என்பதால், அந்த அளவிலேயே விஎம் ஓடிவிடுமா என்று பார்த்துத்தான் மினிமத்தைப் போட வேண்டும். டீஃபால்ட்டில் மினிமமும் மெமரியும் ஒரே எண். பலர் அதை அப்படியே விட்டுவிட்டு 'பலூனிங் வேலையே செய்யல' என்கிறார்கள்.

ஹோஸ்ட்டின் டிஸ்க்குகளுக்கு இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் போட்டவர்கள், அது ராமில் வைத்துக்கொள்ளும் ஏஆர்சி கேஷையும் கணக்கில் வையுங்கள். ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1 முதல் புதிதாக நிறுவினால் ஹோஸ்ட் ராமில் 10 சதவீதம், உச்சமாக 16 ஜிபி என்று வரம்பு போட்டுத் தருகிறது. பழைய இன்ஸ்டாலை அப்கிரேட் செய்தவர்களுக்கு இது தானாக வராது. பாதி ராம் வரை விழுங்கக்கூடும்.

சின்ன ஆபீஸுக்குத் தாராளமாக எடுக்கலாம். ஜிபியு கார்டை விஎம்முக்குள் பாஸ்த்ரூ செய்பவர்கள் (நேரடியாக ஒரு விஎம்முக்கே கொடுப்பவர்கள்) மட்டும் பலூனை மறந்துவிடுங்கள். அந்த விஎம்முக்குக் கொடுத்த ராம் முழுவதும் பூட்டிக்கொள்ளும், திரும்பி வராது.